பேட்டரியைத் தனிப் பக்கத்தில் எழுதினேன்

கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் முப்பது வருடமாக அடக்க விலைக் கணக்குப் பார்க்கிறவன் நான். ஒரு போல்ட்டுக்கு இரும்பு எத்தனை பைசா, கூலி எத்தனை பைசா, மின்சாரம் எத்தனை பைசா என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு மொட்டை மாடியில் மூன்று லட்சத்தைக் கொட்டிவிட்டுச் சும்மா இருப்பானா? 2024 செப்டம்பர் கடைசியில் மடிப்பாக்கம் வீட்டில் சோலார் ஏறியது. அக்டோபர் 1 முதல் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ரீடிங் எழுதுகிறேன். மீட்டர் திரையில் 1.8.0 என்று ஓடினால் வெளியிலிருந்து நாம் வாங்கியது, 2.8.0 என்று ஓடினால் நாம் வெளியே கொடுத்தது. இந்த இரண்டு எண்களையும் பேனல் அன்றைக்குத் தந்ததையும் பேட்டரி வாங்கியதையும் கொடுத்ததையும் வரிசையாக எழுதிவிடுவேன். "வெயிலுக்குமா கணக்கு?" என்று அம்மா ஒரு மாதம் கேட்டாள். பிறகு ஒன்பது மணியானால் கண்ணாடியை எடுத்து நீட்டத் தொடங்கிவிட்டாள்.

இப்போது ஒரு வருடம் முடிந்துவிட்டது.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கே அங்கிருந்துதான் கோணலாகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பழைய இன்வர்ட்டரும் இரண்டு பேட்டரிகளும் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. டிசம்பர் 4 அன்று மதியமே அவை முழுகிவிட்டன. மின்சாரம் வர நான்காம் நாள் ஆயிற்று. அம்மாவுக்கு 81 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். ஃபிரிட்ஜ் நின்றதும் அவளே யோசனை சொன்னாள்: பரணிலிருந்த மண்பானையை இறக்கி, பாதி தண்ணீர் ஊற்றி, மருந்துக் குப்பிகளை ஒரு மூடி போட்ட டப்பாவில் அடைத்து மிதக்கவிட்டு, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினோம். காற்றே நீரில் ஊறிக் கிடந்த அந்த நாட்களில் பானை எவ்வளவு குளிர்ந்ததோ தெரியாது. ஆனாலும் மூன்று இரவும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கைவிட்டுப் பார்த்தேன். திறந்த குப்பி அதிகச் சூடில்லாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை வெளியிலேயே இருக்கலாம், பிரிக்காததை நெடுநாள் வைக்கத்தான் குளிர் வேண்டும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். விளக்கம் தாமதமாக வந்தது. நான் அதற்குள் பேட்டரி விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

விசாரித்தபோது முதலில் கற்றுக்கொண்டது, மாடியில் பேனல் இருந்தால் மின்வெட்டில் விளக்கு எரியும் என்று நாம் நினைப்பது தவறு என்பதை. சாதாரண சோலார் இன்வர்ட்டர் வெளி மின்சாரத்தின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அது நின்றால் இதுவும் நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவருக்கு நம் வீட்டிலிருந்து மின்சாரம் பின்வழியாகப் போய் ஷாக் அடித்துவிடக் கூடாது அல்லவா? அடுத்த தெருவில் ஐந்து கிலோவாட் போட்டிருக்கும் ஒருவர், பளீரென்ற வெயிலில் விசிறி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால், பேனல், பேட்டரி, வெளி மின்சாரம் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

விலை சொல்ல வந்தவர் நல்ல மனிதர், நல்ல சட்டை, மடிக்கணினியில் வண்ணப் படங்கள். 540 வாட் பேனல் ஆறு, அதாவது 3.24 கிலோவாட். ஹைப்ரிட் இன்வர்ட்டர். 5.12 யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எல்லாம் சேர்த்து 3,75,000 ரூபாய். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். மிச்சம் கையிலிருந்து 2,97,000. "வருடத்துக்கு 4,500 யூனிட் சார், யூனிட் 11 ரூபாய் 80 காசு, வருடம் 53,100 மிச்சம், ஐந்தரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்றார்.

11.80 பொய்யில்லை. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதுதான் விலை. ஆனால் எங்கள் வீடு ஆயிரத்தைத் தாண்டுவது ஏப்ரல், மே பில்லில் மட்டும், அதுவும் 120 யூனிட். நம் மின்கட்டணம் மாடிப்படி போன்றது. அந்தக் கட்டணத்தில் முதல் நூறு இலவசம். 400 வரை 4.80, அப்புறம் 6.45, 8.55, 9.65, 10.70, உச்சியில் 11.80. சோலார் போட்டால் உச்சிப்படிதான் முதலில் உதிரும். அந்த வகையில் முதல் கிலோவாட் பேனல் தங்கம். இரண்டாவது வெள்ளி. மூன்றாவது பேனல்காரருக்கு. ஒரு வருடத்துக்கு நாங்கள் செலவழிப்பது 4,920 யூனிட். ஆறு பில்லையும் படிப்படியாகப் பெருக்கிப் பார்த்தேன்: 31,186 ரூபாய். ஒரு பைசாகூடக் கட்டாமல் தப்பினாலும் மிச்சமாகக்கூடிய உச்ச வரம்பு இவ்வளவுதான். இதற்குள் 53,100 எங்கிருந்து வரும்? அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "கட்டணம் வருடா வருடம் ஏறும் சார்" என்றார். அதுவும் பொய்யில்லை.

அப்போதுதான் ஒரு காரியம் செய்தேன், இந்தப் பதிவில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். விலையைப் பிரித்துத் தரச் சொன்னேன். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு மட்டும் என்றால் 1,95,000. ஹைப்ரிட் இன்வர்ட்டருக்காகக் கூடுவது 45,000. பேட்டரி 1,35,000. நோட்டில் இடப்பக்கம் பேனல், வலப்பக்கம் பேட்டரி என்று எழுதினேன். விற்பவர் இரண்டையும் ஒரே இலையில் பரிமாறுகிறார். பேனல் சம்பாதிப்பதில் பேட்டரி உட்கார்ந்து சாப்பிடுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இடப்பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வருடத்தில் பேனல்கள் தந்தது 4,220 யூனிட். நாளுக்குச் சராசரி பதினொன்றரை. மிக நல்ல நாள் மார்ச்சில், 16.4. மிக மோசமான நாள் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று, 0.9. கத்திரி வெயிலில் அள்ளிக்கொட்டும் என்று அம்மா எதிர்பார்த்தாள், நானும்தான். மே மாதம் உச்சி வேளையில் 3.24 கிலோவாட்டுக்குப் பதில் 2.5ஐத் தாண்டத் திணறியது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மொட்டை மாடியில் மே மதியம் பேனலின் உடம்பு அறுபதைத் தாண்டிக் கொதிக்கும்போது பத்து, பதினைந்து சதவீதம் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வெயிலும் இருக்கும், காற்றும் கொஞ்சம் இதமாக இருக்கும். எங்கள் நோட்டில் அந்த இரண்டு மாதம்தான் முதலிடம்.

ஜூனில் ஒரு விசித்திரம். காலை எட்டு மணி வாக்கில் உற்பத்தி திடீரென்று பாதியாகும், ஒன்பதுக்குச் சரியாகிவிடும். மேலே போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரப் பேனலில் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டி இருப்பது வடக்கில். "வடக்கு நிழல் வராது சார், பேனல் தெற்கே பார்க்கிறது" என்று பொருத்தியவர் சத்தியம் செய்திருந்தார். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் 18 வரை நம் தலைக்கு வடக்கே அல்லவா நடக்கிறது? பள்ளிக்கூடத்தில் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதேதான். ஆறு பேனல்களும் பூமாலைபோல ஒரே கம்பியில் தொடுத்தவை; ஒன்று வாடினால் மற்றதும் சேர்ந்து சுணங்கும். தொட்டியை நகர்த்த ஆறாயிரம் கேட்டார்கள். நிழலால் வருடத்துக்குப் போவது நாற்பது யூனிட்கூட இருக்காது. தொட்டி அங்கேயே இருக்கிறது.

தூசியை மட்டும் நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். மடிப்பாக்கம் வழியாகத்தான் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத் தடம் போகிறது. இங்கே காற்றில் பாதி சிமெண்ட். ஜனவரியில் மூன்று வாரம் கழுவாமல் விட்டேன், நாளுக்கு ஒன்றரை யூனிட் காணாமல் போயிற்று. பதறிப்போய் போர் தண்ணீரில் குழாய் வைத்து அடித்தேன். வெயில் ஏறியதும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. எங்கள் பகுதிப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அதை உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் அடித்தவனை என்ன சொல்ல? வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து மகனும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை துடைத்தோம். இப்போது மழைநீர்த் தொட்டித் தண்ணீர், விடியற்காலை, மாதம் இருமுறை, ஒரு பையன் வந்து செய்கிறான். அவனுக்கு வருடக் கூலி 2,200.

வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில் வரும் நெட் மீட்டரில் ஆறு பில்லும் சேர்த்து நாங்கள் கட்டியது மூவாயிரத்தைத் தொட்டது. கூலியையும் கழித்தால் நிகர மிச்சம் 26,000. இடப்பக்கத்து முதலீடு மானியம் போக 1,17,000. நாலரை வருடம். எந்த வங்கி வைப்பும் இதன் பக்கத்தில் நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது; நான் வாங்கிச் சரியாக ஒரு வருடம் கழித்து. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

இனி வலப்பக்கம்.

தொடக்கத்தில் பேட்டரியைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. தினமும் பகலில் 5.3 யூனிட் வாங்கும், இரவில் 4.5 திருப்பித் தரும். நோட்டில் அழகாக, ஒரே சீராக இருக்கும் அந்த வரிசை. என்னமாய் உழைக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். இடையில் தினமும் 0.8 யூனிட் மறைகிறதே என்று அடக்க விலைக்காரன் கண்ணுக்குப் படவே இல்லை. பட்டது நவம்பர் 30 அன்று.

விடிகாலை 5.40க்குத் தெருவில் மின்சாரம் போயிற்று. வெளியே மழை, காற்று. வீட்டுக்குள் விசிறி நிற்கவில்லை, விளக்கு கண்ணிமைக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே சிரித்துக்கொண்டேன். இதற்காகத்தானே வாங்கினோம்! ஏழரைக்கு இன்வர்ட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மாடி அறைச் சுவரில் அதன் சின்னத் திரையில் 10 சதவீதம் என்று சிவப்பாக மின்னியது. இன்னும் இரண்டு நிமிடம், அப்புறம் எல்லாம் அடங்கியது. ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய அமைப்பு புயல் நாளன்று இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பரணைப் பார்த்தாள்.

பொருத்தியவருக்கு அழைத்தேன். "பேட்டரி இரவெல்லாம் வீட்டுக்கு ஓடியிருக்கும் சார், காலையில் காலியாகத்தான் இருக்கும். வெயில் வந்தால் ஏறிவிடும்" என்றார். புயலில் வெயில்! வைத்துவிட்டு, கையேட்டை எடுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். இன்வர்ட்டரில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, சூரியன் மறைந்ததும் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டி, காலியான பின் வெளி மின்சாரத்துக்குப் போவது. மற்றொன்று, பேட்டரியை நிரப்பி வைத்துக்கொண்டு மின்வெட்டு வந்தால் மட்டும் தொடுவது. எனக்கு வைத்துவிட்டுப் போயிருந்தது முதலாவது. சொந்த மின்சாரத்திலேயே வாழ்கிறோம் என்று செயலியில் பச்சை வட்டம் முழுதாகத் தெரியும், வாடிக்கையாளர் மகிழ்வார்.

அன்று மாலை மின்சாரம் வந்த பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டேன். நெட் மீட்டரில் பகலில் நான் வெளியே கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு இரவில் ஒரு யூனிட் திரும்ப வருகிறது. அதாவது ஊர் மின்கம்பியே எனக்கு இலவச பேட்டரி. போட்டதை அப்படியே தரும், தேய்மானமும் அதன் பாடு. என் பேட்டரியோ 5.3 வாங்கி 4.5 தருகிறது. 6,000 முறை ஏறி இறங்கும் என்று உத்தரவாதத் தாளில் இருக்கிறது. ஒரு தடவைக்கு நாலரை யூனிட் வீதம் 27,000 யூனிட். 1,35,000ஐ வகுத்தால் அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்து ரூபாய் தேய்மானம். ஐந்து ரூபாய் செலவு செய்து, ஏழில் ஒரு பங்கைத் தொலைத்து, இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடியதை வாங்கிக்கொண்டிருந்தேன், இரண்டு மாதமாக, பெருமையோடு.

சான் ஓசேயில் இருக்கும் அண்ணன் மகன், பேட்டரி இல்லாமல் சோலார் போடுவது முட்டாள்தனம் என்று எனக்கு நீளமாக எழுதியிருந்தான். அவன் ஊருக்கு அது சரி. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு வெளியே கொடுக்கும் மின்சாரத்தின் விலையை ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள். பகலில் குறைந்த விலைக்குக் கொடுத்து மாலையில் பல மடங்கு விலைக்கு வாங்குகிறவனுக்கு பேட்டரி சம்பாதிக்கும். இங்கே வீட்டு மின்சாரத்துக்குக் காலையும் மாலையும் ஒரே விலை. நாளைக்கு நெட் மீட்டர் போய்விட்டால் அல்லது நேரத்துக்கு ஒரு விலை வந்துவிட்டால் என் வலப்பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இப்போதைக்கு இல்லை.

டிசம்பர் முதல் பேட்டரி 80 சதவீதத்தில் சும்மா நிற்கிறது. எப்போதும் நூறிலேயே வைத்திருப்பதும் இந்த வகை பேட்டரியின் ஆயுளுக்கு நல்லதல்ல என்பதால் இந்த எண்பது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் நூறாக்கிவிடுவேன். ஒரு வருடத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாத நேரம் 58 மணி. மாதாந்திரப் பராமரிப்பு, மழை, எங்கோ ஒரு கேபிள் என்று எல்லாம் சேர்த்து. அந்த நேரங்களில் பேட்டரி கொடுத்தது 41 யூனிட்.

இன்னொரு செலவு இருப்பதை நானே நோண்டித்தான் கண்டுபிடித்தேன். சாதாரண சோலார் இன்வர்ட்டர் இரவில் தூங்கிவிடும். ஹைப்ரிட் தூங்காது, எந்த நொடியும் தாங்கிக்கொள்ளத் தயாராக விழித்தே இருக்கும். அப்படி விழித்திருப்பதற்கு 45 வாட். கேட்க அற்பம். ஆனால் வருடம் முழுக்க இரவு பகலாக என்றால் 394 யூனிட், பேனல் தந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு. காவலாளியே பதினொரு மூட்டையில் ஒன்றைச் சாப்பிடுகிறான். ரூபாயில் சுமார் இரண்டாயிரம்.

ஆக வலப்பக்கம் இப்படி: 1,80,000ஐப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 15,000. காவலாளி சாப்பாடு 2,000. இதற்கு 41 யூனிட். ஒரு யூனிட் 415 ரூபாய். அலுவலகத்தில் இப்படியொரு உதிரிபாகத்துக்கு விலை போட்டுக் கொண்டுபோனால் மேலாளர் என்னை டாக்டரிடம் அனுப்புவார்.

ஆனால் ஒப்பிட வேண்டியது 11.80 ரூபாயோடு அல்ல. பழைய டியூபுலர் பேட்டரி இரண்டும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை 32,000 கேட்கும், வருடம் 8,000. அவை விளக்கையும் விசிறியையும் மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும், ஃபிரிட்ஜைத் தொடவிட மாட்டோம். ஆக நான் கூடுதலாகக் கொடுப்பது வருடம் 9,000, மாதம் 750. மாதம் 750 ரூபாய்க்கு அம்மாவின் அறை விசிறி, மூன்று விளக்கு, ஃபிரிட்ஜ், இணையப் பெட்டி எல்லாம் ஒன்றரை நாள் ஓடும்; மேகமூட்டத்திலும் பேனல் நாளுக்கு ஒன்றிரண்டு யூனிட் தந்தால் மூன்று நாள். 1 ஹெச்பி மோட்டாரை மட்டும் போடக் கூடாது. கிளம்பும்போது அது கேட்கும் இழுப்பில் இன்வர்ட்டர் மூர்ச்சையாகிவிடும், இருமுறை பார்த்தாயிற்று. பெருமழை அறிவிப்பு வந்தால் முன்னதாகவே மேல்தொட்டியை நிரப்பிவிடுகிறோம். பேட்டரியும் இன்வர்ட்டரும் இந்த முறை முதல் மாடிச் சுவரில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில்.

போன மாதம் என் மைத்துனர் அம்பத்தூரிலிருந்து நோட்டைப் பார்க்க வந்தார். அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட், வயதானவர்கள் யாரும் இல்லை, தெருவில் ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை. இரண்டு கிலோவாட், சாதாரண இன்வர்ட்டர், பேட்டரி வேண்டாம், இருக்கும் பழைய பேட்டரியையே ஓட்டுங்கள் என்று இரண்டு பக்கத்தையும் வரி வரியாக விளக்கினேன். 415 ரூபாயை விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார், பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார், அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

நேற்று அவர் மாடியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆறு பேனல். கீழே சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு பேட்டரி, என்னுடையதைவிடப் பெரியது. "மச்சான், எந்தப் போக்கில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.